கத்தி சுருங்கிய வரலாறு



கிள்ளான் வட்டாரத்தில் நாம் பணியாற்றிய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு நாள் பிற்பகல் ஒரு தாய் வந்தார். அவருடைய மகள் அப்போது நம்மிடம் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். தாயின் கையில் மருத்துவமனையிலிருந்து வந்த மலாய்க் கடிதம் இருந்தது. கடிதம் படித்துச் சொல்வதும் பாரம் நிரப்பிக் கொடுப்பதும் தோட்டத்து ஆசிரியருக்குப் பழகிய வேலைதான். ஆனால் அன்று அந்தக் கடிதத்தில் இருந்த ஒரு சொல்லை வாய்விட்டுப் படிக்க நமக்குத் தயக்கமாக இருந்தது. ‘மாஸ்டெக்டோமி’ என்பது அந்தச் சொல். மார்பகத்தை அறுத்து நீக்குதல் என்பது அதன் பொருள்.

பொருளைச் சொன்னோம். அந்தத் தாய் இரண்டே கேள்விகள் கேட்டார்.

“டீச்சர், முழுசா எடுத்துடுவாங்களா? அப்புறம் இந்தக் கையால மரம் சீவ முடியுமா?”

மார்பில் கட்டி இருப்பது எட்டு மாதமாகவே தமக்குத் தெரியும் என்றார். ‘போனால் அறுத்துவிடுவார்கள்’ என்ற அச்சத்தால் கணவரிடம்கூடச் சொல்லவில்லையாம். “அக்கா, பயப்படாதீங்க. இதை டாக்டர்கிட்டயே கேளுங்க” என்று மட்டுமே நம்மால் அன்று சொல்ல முடிந்தது. ஆசிரியராக இருந்தும் விடை தெரியாமல் நின்றது மனத்தை உறுத்தியது. அதன் பிறகே இந்த அறுவை மருத்துவத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். அந்தத் தாயின் இரண்டு கேள்விகளுக்கும் இந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

மார்பகக் கட்டி இந்தக் காலத்தில் புதிதாகத் தோன்றிய நோயன்று. கி.மு. 1600-ஐ ஒட்டி எகிப்து நாட்டில் படியெடுக்கப்பட்ட ஒரு பழைய மருத்துவச் சுவடியில் மார்பில் எழும் கட்டிகளைப் பற்றிய குறிப்பு உள்ளது. வேறு பல காயங்களுக்கு மருந்து சொல்லும் அந்தச் சுவடி, இந்தக் கட்டிக்கு மருத்துவம் இல்லை என்று கைவிரித்துவிடுகிறது. அதன் பிறகு பல நூறு ஆண்டுகள் கத்தியாலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாலும் பலர் முயன்றார்கள். ஆனால் வலியும் இரத்தப்போக்கும் சீழும் பெரும்பாலான நோயாளிகளைக் கொண்டுபோயின.

முதலில் வலியை வெல்ல வேண்டியிருந்தது. அந்த வெற்றி ஆசியாவில் கிடைத்தது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். ஜப்பான் நாட்டில் ஹனவோகா செய்ஷூ என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் ஊமத்தையோடு வேறு சில மூலிகைகளையும் சேர்த்து மயக்க மருந்து ஒன்றைக் காய்ச்சினார். நம் தோட்டத்து வேலியோரம் வளரும் அதே ஊமத்தை இனம்தான். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் அந்த மருந்தைச் சோதித்தார். அவருடைய மனைவி தம்மையே சோதனைக்கு ஒப்படைத்துக் கண்பார்வையை இழந்தார் என்று கூறப்படுகிறது. 1804-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், 60 வயது மூதாட்டி ஒருவருக்கு அந்த மருந்தைப் புகட்டி, அவர் உறங்கியபின் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை ஹனவோகா அகற்றினார். முழு மயக்கத்தில் செய்யப்பட்டதாக நம்பத்தகுந்த சான்றுள்ள மிகப் பழைய அறுவைகளில் இது ஒன்று. நேயர்களுக்கு இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஊமத்தை கொடிய நஞ்சு. அதைக் கைம்மருந்தாக யாரும் தொடக்கூடாது.

அந்நாளில் ஜப்பான் வெளியுலகத்துக்குப் பெரிதும் கதவை மூடியிருந்த நாடு. ஆகவே இந்தச் செய்தி ஐரோப்பாவை எட்டவில்லை. ஏழே ஆண்டுகள் கழித்து, 1811 செப்டம்பர் 30 அன்று, பாரிஸ் நகரில் ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு மார்பகத்தை அறுத்தார்கள். அறுத்தவர் நெப்போலியனின் படைத் தலைமை மருத்துவர் லாரே. வலிக்குக் கொடுத்தது சிறிது மதுபானம் மட்டுமே. முகத்தில் போட்ட மெல்லிய துணி வழியே கத்தியின் பளபளப்பைக் கண்டதையும், அறுவை முடியும்வரை தாம் அலறியதையும் அவர் பின்னர் தம் சகோதரிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். அந்த அம்மையார் 1840 வரை, 87 வயதுவரை வாழ்ந்தார். மருத்துவர்கள் மட்டுமே எழுதிவந்த அறுவையைப் பற்றி அறுக்கப்பட்ட பெண்ணே எழுதியதால், அக்கடிதம் மருத்துவ வரலாற்றில் அழியா இடம் பெற்றுவிட்டது.

1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் ஆவியைக் கொடுத்து மயக்கமுறச் செய்து அறுப்பதைப் பலர் முன்னிலையில் காட்டினார்கள். வலி விலகியது. சீழ் என்னும் எமன் மட்டும் விலகவில்லை. 1867-இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் காயத்தையும் கருவிகளையும் தூய்மைப்படுத்தும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் அவருடைய சொந்தச் சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. லிஸ்டர் தம் புதிய முறையைக் கையாண்டு தாமே அறுவை செய்தார். காயம் சீழ் வைக்காமல் ஆறியது.

வலியும் சீழும் அடங்கிய பிறகு, மருத்துவர்களின் கத்திக்குத் துணிவு பிறந்தது. அந்தத் துணிவின் உருவமாக விளங்கியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். புற்றுநோய் மரத்தின் வேர்போல ஓரிடத்திலிருந்து படிப்படியாகப் பரவுகிறது, ஆகவே வேர் ஓடக்கூடிய இடம் முழுவதையும் ஒரே முறையில் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று அவர் கருதினார். மார்பகம், அதன்மேல் உள்ள தோல், கீழேயுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளிலுள்ள நிணநீர்க் கட்டிகள் ஆகிய அனைத்தையும் ஒருசேர நீக்கினார். 1882-இல் தொடங்கிய இந்த முறையை, 50 பெண்களின் விவரத்தோடு 1894-இல் வெளியிட்டார். அவர்களில் 3 பேருக்கே அறுத்த இடத்தில் நோய் திரும்பியது. அந்நாளில் மற்ற மருத்துவர்களிடம் அறுத்துக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பிக்கொண்டிருந்தது. ஆகவே உலகமே அவர் முறையைப் பின்பற்றத் தொடங்கியதில் வியப்பில்லை.

இதே ஹால்ஸ்டெட்டின் வாழ்க்கையில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இருக்கிறது. 1889-ஆம் ஆண்டின் இறுதியில், அறுவைக் கூடத்தில் அவருக்கு உதவிய தாதி ஒருவரின் கைகளில் கிருமிநாசினித் திரவம் பட்டுக் கொப்புளம் கண்டது. அந்தக் கைகளைக் காக்க, குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்வித்தார். அந்தத் தாதியையே மறு ஆண்டில் அவர் மணந்தும்கொண்டார். தாதியின் கையைக் காக்க வந்த கையுறை நோயாளியையும் கிருமியிலிருந்து காக்கிறது என்று பின்னர் தெரிந்தது. இன்று உலகில் எந்த அறுவையும் கையுறையின்றி நடப்பதில்லை. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்திறங்கின. அவற்றின் வழிவந்த மரங்களைப் பிற்காலத்தில் நம் முன்னோர்கள் விடியுமுன்னே எழுந்து சீவினார்கள். இன்று நம் கிள்ளான் மேரு வட்டாரத்து ஆலைகளிலிருந்து கையுறைகள் உலகின் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. அறுவைக் கூடம் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று எண்ணுகிறோம். அதில் நம்மவர் உழைப்பும் கலந்திருக்கிறது.

ஹால்ஸ்டெட் ஆழமாக வெட்டிய அதே காலத்தில், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி என்பவர் ரப்பர் மரத்தை ஆழமாக வெட்டாமலிருக்க வழி கண்டார். அமேசான் காடுகளில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்ததால் மரங்கள் புண்பட்டன. பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, உட்புறத்து உயிருள்ள படலத்தைத் தொடாமல் விட்டால், பாலும் கிடைக்கும், பட்டையும் மீண்டும் வளரும் என்று ரிட்லி காட்டினார். மரம் சீவத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. மரத்துக்கு அன்றே கிடைத்த இந்த அறிவு, மனிதருக்கு வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஹால்ஸ்டெட் முறையில் அறுக்கப்பட்ட பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். நெஞ்சு குழிந்து, விலா எலும்பு தோலுக்கடியில் தெரியும். கையைத் தலைக்குமேல் தூக்குவது கடினம். அக்குளின் நிணநீர்ப் பாதை அடைபட்டதால் பலருக்குக் கை வீங்கிப் பருத்துவிடும். உட்கார்ந்து எழுதுபவருக்கே இது துன்பம். தோளுக்குமேல் கையோங்கி மரம் சீவுபவருக்கும், பால் வாளி தூக்குபவருக்கும் பிழைப்பே போய்விடும். அந்தத் தாய் கேட்ட இரண்டாவது கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. நம் பாட்டிமார் காலத்தில் அறுவைக்குப் போனவர்களைக் கண்டவர்கள் சொன்ன கதைகள், இன்னமும் தோட்டத்து வீடுகளில் உலவிக்கொண்டிருக்கின்றன. அவை பொய்க் கதைகள் அல்ல. ஆனால் அவை பழைய கதைகள்.

இவ்வளவு வெட்டத்தான் வேண்டுமா என்ற ஐயம் சிலருக்கு முன்பே எழுந்தது. 1920-களில் லண்டன் மருத்துவர் ஜெஃப்ரி கெய்ன்ஸ், கட்டியை மட்டும் நீக்கிவிட்டு ரேடியம் கதிரால் மருத்துவம் செய்து பார்த்தார். நல்ல பலன் கிடைத்தும் அவர் சொல்லைப் பலர் ஏற்கவில்லை. 1948-இல் பேட்டி என்ற லண்டன் மருத்துவர், பெரிய நெஞ்சுத் தசையை விட்டுவைத்து மார்பகத்தை நீக்கும் முறையை வெளியிட்டார். பெண்ணின் கைக்கு இதனால் ஓரளவு வலிமை மிஞ்சியது.

ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, நேர்மையாக ஒப்பிட்டுப் பார்ப்பதே. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரொனேசி என்ற மருத்துவர், 1973-இல் அந்த வேலையைத் தொடங்கினார். சிறு கட்டியுள்ள 701 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் முறையில் முழு அறுவை. மற்றப் பிரிவினருக்குக் கட்டியிருந்த மார்பகப் பகுதியையும் அக்குள் நிணநீர்க் கட்டிகளையும் நீக்கி, மார்பகத்துக்குக் கதிர் மருத்துவம். அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் என்ற மருத்துவர் 1976-இல் 1,800-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இத்தகைய ஆய்வைத் தொடங்கினார். இருவரும் 20 ஆண்டுகள் அந்தப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். முழு மார்பகத்தையும் இழந்தவர்களும் மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களும் சமமாகவே உயிர் வாழ்ந்தார்கள். ஆழமாக வெட்டியதால் ஆயுள் கூடவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கட்டியை மட்டும் நீக்கிவிட்டுக் கதிர் மருத்துவம் செய்துகொள்ளாதவர்களில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர் மருத்துவம் செய்துகொண்டவர்களில் 100-க்கு 14 பேருக்கே திரும்பியது. ஆகவே, சிறிய அறுவை என்றால் அரைகுறை மருத்துவம் என்று பொருளன்று. கத்தி விட்ட வேலையைக் கதிரும் மருந்தும் செய்து முடிக்கின்றன. “கட்டியை எடுத்தாயிற்று, இனி எதற்குக் கதிர்” என்று நடுவில் நிறுத்திவிடுவது பெரும் ஆபத்து.

மருத்துவர்கள் மட்டுமே இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1970-கள்வரை அமெரிக்காவில், கட்டியைச் சோதிப்பதற்காக மயக்கம் கொடுப்பார்கள். சோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தால், மயக்கம் தெளியுமுன் அப்போதே மார்பகத்தையும் நீக்கிவிடுவார்கள். விழித்துப் பார்த்தால்தான் தனக்கு என்ன நடந்தது என்று பெண்ணுக்குத் தெரியும். 1974-இல் இந்நோய்க்கு ஆளான ரோஸ் குஷ்னர் என்ற பெண் பத்திரிகையாளர் இதை ஏற்க மறுத்தார். சோதனை ஒரு நாள், முடிவு கேட்டுச் சிந்தித்தபின் அறுவை வேறொரு நாள் என்று வாதாடினார். 1979-இல் அமெரிக்க அரசின் நிபுணர் குழு அதையே பரிந்துரைத்தது. அவரும் அக்குழுவில் இடம் பெற்றிருந்தார். கையெழுத்திடுமுன் கேள்வி கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பது இப்படிப் போராடிப் பெற்ற உரிமை.

அக்குளைப் பொறுத்தவரையிலும் மாற்றம் வந்தது. 1990-களில், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்று சேரும் ஓரிரு நிணநீர்க் கட்டிகளைச் சாயத்தாலோ கதிரியக்கப் பொருளாலோ அடையாளம் கண்டு, அவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. வாசற்காவலரிடம் விசாரிப்பதுபோல என்று சொல்லலாம். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடத் தேவையில்லை. கை வீங்கும் ஆபத்து பெரிதும் குறைகிறது. உடலுழைப்பால் வாழ்பவர்களுக்கு இது பெரும் வரம்.

ஆனால் எல்லாருக்கும் மார்பகத்தைக் காக்க இயலாது. கட்டி பெரிதாக இருந்தால், பல இடங்களில் இருந்தால், அல்லது கதிர் மருத்துவம் செய்ய இயலாத நிலை இருந்தால் முழு மார்பகத்தையும் நீக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு என்ன வழி? இங்கே வரலாற்றின் இன்னொரு கிளை வந்து சேர்கிறது. இழந்த உறுப்பைத் தன் உடலின் சதையாலேயே திரும்பச் செய்யும் கலை அது. அதன் தாயகம் இந்தியா.

1792-இல் திப்பு சுல்தானுடன் நடந்த போரில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் சிறைப்பட்டார். அவருடைய மூக்கை அறுத்துவிட்டார்கள். பின்னர் புனே அருகில், செங்கல் சூளை வேலை செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர், காவஸ்ஜியின் நெற்றித் தோலை ஒரு காம்பு விட்டு வெட்டித் திருப்பி, புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். காம்பு வழியே இரத்தம் ஓடியதால் அந்தத் தோல் உயிர்பிழைத்து ஒட்டிக்கொண்டது. இதைப் பற்றி 1794-இல் லண்டன் இதழ் ஒன்று படத்தோடு எழுதியது. அதைப் படித்த ஐரோப்பிய மருத்துவர்கள் வியந்து, தாங்களும் செய்யக் கற்றார்கள். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி நூலிலும் மூக்கு அமைக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது.

‘இரத்த ஓட்டத்தைக் காத்துச் சதையை இடம் மாற்று’ என்ற அதே நெறியைத்தான் மார்பகத்துக்கும் கையாண்டார்கள். 1895-இல் ஜெர்மனியில் செர்னி என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் இடுப்புப் பக்கத்திலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து, மார்பகம் நீக்கிய இடத்தில் வைத்தார். 1906-இல் இத்தாலிய மருத்துவர் டான்சினி முதுகுத் தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பிக் கொண்டுவந்தார். ஹால்ஸ்டெட்டோ இத்தகைய வேலையை விரும்பவில்லை. அவருடைய செல்வாக்கினால் இந்த முறைகள் நீண்ட காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1962-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சிலிக்கோன் பை வந்தது. 1982-இல் ஹார்ட்ராம்ஃப் என்ற அமெரிக்க மருத்துவர், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையோடு மேலே கொண்டுவந்து மார்பகம் அமைக்கும் முறையை வெளியிட்டார். சிலிக்கோன் பையின் நலக்கேடு பற்றி ஐயம் எழுந்ததால் 1992-இல் அமெரிக்க அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்து, ஆய்வுகளுக்குப் பின் 2006-இல் மீண்டும் அனுமதித்தது. அந்தப் பை ஆயுள் முழுவதும் நீடிக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பிற்காலத்தில் மாற்ற நேரும்.

1991-இல் அடுத்த படி வந்தது. மார்பகத்தின் உட்பொருளை நீக்கிவிட்டு, மேல்தோலைப் பெரும்பாலும் விட்டுவைக்கும் முறையை அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினார்கள். பின்னர் தகுதியானவர்களுக்கு முலைக்காம்பையும் காத்தார்கள். உறையை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் பஞ்சை மட்டும் எடுக்கும் தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். காலியான இடத்தை அதே மயக்கத்தில், அதே நாளில், சிலிக்கோன் பையாலோ சொந்தச் சதையாலோ நிரப்புகிறார்கள். உறங்கப் போகும்போது இருந்த வடிவம், விழிக்கும்போதும் பெரும்பாலும் இருக்கிறது.

இப்போது கத்தி சுருங்கிய கதையின் கடைசிப் பகுதிக்கு வருகிறோம். 1980-களில் பித்தப்பையைச் சிறு துளை வழியே கேமரா கொண்டு நீக்கக் கற்றார்கள். அதே வழியை 1990-களில் ஜப்பானிய மருத்துவர்கள் மார்பகத்துக்கும் கொண்டுவந்தார்கள். மார்பின்மேல் நீளமாகக் கீறாமல், அக்குளின் மடிப்பிலோ பக்கவாட்டிலோ சில சென்டிமீட்டர் அளவே கீறி, விளக்கும் கேமராவும் பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்துகிறார்கள். திரையில் பார்த்தபடி, மேலே தோலிலிருந்தும் கீழே தசையிலிருந்தும் மார்பகத் திசுவைப் பிரித்து, அந்தச் சிறு கீறல் வழியே வெளியே எடுக்கிறார்கள். அதே வழியாகப் புதிய வடிவத்தையும் அமைக்கிறார்கள். தழும்பு கைக்கடியில் மறைந்துவிடுகிறது. தைவான், தென்கொரியா நாட்டு மருத்துவர்களும் இதில் தேர்ந்தவர்கள். மிலான் நகரில் இதை இயந்திரக் கைகளின் துணையோடு செய்து, 2015-இல் வெளியிட்டார்கள்.

இந்த அறுவையில் மிகக் கடினமானது தோலின் கனத்தைக் காப்பதுதான். தோலை மிக மெல்லியதாகச் சீவிவிட்டால் இரத்த ஓட்டம் அற்று அது கறுத்துவிடும். கனமாக விட்டுவிட்டாலோ நோயுள்ள திசு தங்கிவிடக்கூடும். மரப்பட்டையின் கனத்தைக் கைப்பழக்கத்தாலேயே அறியும் நம் தோட்டத்துப் பெண்களுக்கு இந்த அருமை மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். முலைக்காம்புக்கு அடியிலுள்ள திசுவையும் சோதிப்பார்கள். அங்கு நோய் இருந்தால் காம்பையும் நீக்கவேண்டும்.

புதியது என்பதாலேயே எல்லாம் சிறந்தது என்று மயங்கிவிடக்கூடாது. இயந்திரக் கைகளால் மார்பகத்தை நீக்கும் முறையின் பாதுகாப்பும் பயனும் இன்னும் உறுதிப்படவில்லை என்று 2019-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் எச்சரித்தது. 20 ஆண்டுக் கணக்கு வெரொனேசியின் முறைக்கு இருக்கிறது. இந்தப் புதிய முறைக்கு அந்தக் காலம் இன்னும் ஆகவில்லை. சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் தோல் ஆறுவது கடினம். நோய் தோலையே பற்றிவிட்டவர்களுக்கு இது பொருந்தாது. எந்த மருத்துவமனையிலும் உடனே கிடைக்கும் அறுவையும் அன்று. வடிவத்தைத் திரும்ப அமைக்க வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை. உள்ளாடைக்குள் செயற்கை மார்பு வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக வாழ்பவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 1923-இல் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் மாண்டார். தங்கையின் வேதனையைக் கண்ட அந்த அம்மையார் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை கட்டுவதென்று உறுதி கொண்டார். அது நிறைவேற முப்பது ஆண்டுகள் ஆயின. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஏழைகளே மிகுதியாக வந்த இடம் அது. பெரும்பாலோர் கட்டி முற்றிய பிறகே வந்தார்கள். அத்தகையவர்களை ‘காலம் கடந்துவிட்டது’ என்று திருப்பி அனுப்பாமல், முதலில் மருந்தாலும் கதிராலும் கட்டியைச் சுருக்கிப் பின்னர் அறுவை செய்யும் முறையை அடையாற்றில் வளர்த்தார்கள். 2005-இல் மகசேசே விருது பெற்ற டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்த வளாகத்திலேயே எளிய வாழ்க்கை வாழ்ந்தார்.

நம் நாட்டில் 1966-இல் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் தோன்றியது. 1960-களின் பிற்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை எழுந்தது. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை 1985-இல் திறக்கப்பட்டது. 2013-இல் புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் வந்தது. வசதிகள் வந்தன. நாம் போனோமா? 2012 முதல் 2016 வரையிலான நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு, வாழ்நாளில் 27 பெண்களில் ஒருவருக்கு இந்நோய் வரக்கூடும் என்று கணக்கிடுகிறது. சீன, இந்தியப் பெண்களிடம் இது மலாய்ப் பெண்களைவிட மிகுதி. நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

இந்த ஒரு கணக்கில்தான் நேயர்களே, நாம் இதுவரை சொன்ன வரலாறு முழுவதும் வந்து முட்டி நிற்கிறது. இருநூறு ஆண்டுகளாகப் பலர் பாடுபட்டுக் கத்தியைச் சுருக்கினார்கள். ஆனால் சுருங்கிய கத்தி சிறிய கட்டிக்குத்தான் உதவும். அறுத்துவிடுவார்களே என்று அஞ்சி ஒளிக்கும் பெண், ஒளிப்பதாலேயே பெரிய அறுவையைத் தேடிக்கொள்கிறார். சீக்கிரம் போகிறவருக்கு மார்பகமும் மிஞ்சலாம், கையும் மிஞ்சலாம், உயிரும் மிஞ்சலாம்.

மார்பில் வலியில்லாத கட்டி, தோலில் குழி அல்லது சுருக்கம், காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, அக்குளில் கட்டி, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குப் போகலாம். வலிக்கவில்லையே என்று இருந்துவிடக்கூடாது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். போகும்போது மூன்று கேள்விகளை மனத்தில் கொண்டுபோங்கள். என் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? மார்பகத்தைக் காக்க முடியுமா, முடியாவிட்டால் அன்றே திரும்ப அமைக்க வழியுண்டா? அக்குளில் எவ்வளவு எடுப்பீர்கள்? மலாய் பேசத் தயங்குபவர்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியரையோ படித்த பிள்ளையையோ உடன் அழைத்துப் போகலாம். கணவன்மாருக்கும் ஒரு சொல். மனைவி வாய்திறந்து சொல்லும்படி வீட்டில் இடம் கொடுங்கள். அன்று வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம்தான் போகும்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த அந்தத் தாய்க்கு முழு மார்பகத்தையும் நீக்க வேண்டியதாயிற்று. எட்டு மாதத்தில் கட்டி வளர்ந்துவிட்டிருந்தது. அக்குளிலும் பரவியிருந்தது. மருந்தும் கதிரும் முடித்து, இன்று நலமாக இருக்கிறார். இடக்கை சற்று வீங்குவதால் மரம் சீவுவதை விட்டு, நாற்றங்கால் வேலைக்கு மாறிக்கொண்டார். மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். அண்மையில் கோயில் திருவிழாவில் நம்மைக் கண்டபோது, “டீச்சர், அன்னைக்கே வந்திருந்தா சின்னதா முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. மத்தவங்களுக்காவது சொல்லுங்க” என்றார்.

அவருக்குச் சொன்ன வாக்கை இன்று இந்த வானொலி வழியே நிறைவேற்றினோம்.